நம்பிக்கை போயிற்று. இனி வீட்டில், பதிவு அலுவலகத்தில், சுடுகாட்டில் என்ன செய்வது?

கேள்வி – ஜனவரி 6

ரெண்டு வருஷமா சாமி கும்பிடறதில்லை. வாதத்துல எனக்குச் சந்தேகம் எதுவும் பாக்கி இல்லை. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் வெறிச்சுன்னு இருக்கு. அப்பா படுத்த படுக்கை, "கொள்ளி நீதான் வைக்கணும், முறைப்படி செய்யணும்"ங்கறார். எனக்குப் பொண்ணு வேற பாக்கறாங்க. பகுத்தறிவு பேசறவங்க எல்லாரும் கடவுள் இல்லைங்கற இடத்துல நிறுத்திக்கறீங்க. அதுக்கு அப்புறம் எதைப் பிடிச்சுக்கிட்டு வாழறதுன்னு சொல்லுங்க பாப்போம்.

ஜனவரி 6, இரவு

நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். உள்ளே நாலைந்து இருக்கின்றன.

உலகம் எப்படி வந்தது என்ற விளக்கத்தோடு மதம் நிற்பதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், வருடத்துக்குச் சில திருநாள் என்று நாள்காட்டி போட்டுத் தருகிறது. பிறப்பு, கல்யாணம், சாவு வந்தால் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கவிடாமல் முறை வைத்திருக்கிறது. கூப்பிடாமலே வரும் ஆட்களைத் தருகிறது. துக்கத்தில் வாய் அடைத்துப்போனால் சொல்ல ஏதோ ஒரு வரி கொடுக்கிறது. வாதம் உடைப்பது முதலாவதை மட்டும்தான். மற்றவை அதோடு சேர்ந்து சரிந்துவிடுகின்றன, ஏன் சரிந்தன என்றே நமக்குத் தெரிவதில்லை. அந்த வெறுமைக்கு "வாழ்க்கையின் அர்த்தம்" என்று பெரிய பெயர் வைத்துவிட்டு தத்துவப் புத்தகத்தில் போய்த் தேடுகிறோம்.

ஆகவே பிரித்து எடுங்கள். எது குறைகிறது? வெள்ளிக்கிழமையா, ஆட்களா, சடங்கா, பயத்துக்கு மருந்தா? ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது. ஒன்றைச் செய்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

ஜனவரி 7

அப்பா விஷயம் முதலில், அதற்குத்தான் நேரம் குறைவு.

என் கருத்து இது: சாவுச் சடங்கு செத்தவருடைய விருப்பம். அவர் நம்பினார் என்றால் அவர் முறைப்படியே நடக்கட்டும். கொள்ளி வைக்க நம்பிக்கை தேவையில்லை, கை போதும். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், கருமாதி வேண்டுமா, கண் கொடுக்கச் சம்மதமா. கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அன்றைக்குச் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு முறை சொல்லும்போது "அப்பா இப்படித்தான் சொன்னார்" என்ற ஒரு வரிதான் சண்டையை நிறுத்தும்.

காகித வேலைக்கு மதம் கிடையாது. வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்து வந்த மருத்துவரிடம் 4ஏ படிவத்தில் இறப்புக்கான காரணம் எழுதி வாங்க வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் அதிகாரியின் ஆணை வரைக்கும் இழுக்கும். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. தந்தை பெயர், முகவரி, ஆதாரில் உள்ள எழுத்து எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று மயான ரசீது போடும்போதே பாருங்கள். பிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போய் நிற்கும்போது ஒரு "ன்" விகுதி ஆளை அலைக்கழிக்கும்.

ஜனவரி 9

"நம்பாதவன் கொள்ளி வைப்பது கொள்கைச் சமரசம்" என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். சரி, எனக்கும் ஒரு வரையறை இருக்கிறது, சொல்கிறேன்.

வீட்டார் நம்மிடம் கேட்பவை மூன்று தினுசு. கூட வருவது, செய்வது, சொல்வது. அம்மாவைக் கோவிலுக்கு வண்டியில் கூட்டிப்போவது முதல் தினுசு, அதில் யாருக்கும் நட்டமில்லை. மாலை எடுத்துக் கொடுப்பது, மொட்டை போட்டுக்கொள்வது இரண்டாவது. இதை யாருக்காக, எத்தனை தடவை என்று பேசி வைத்துக்கொள்ளலாம். "எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது" என்று வாயால் சொல்வது மூன்றாவது. அது மட்டும் வேண்டாம். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் அடுத்த பரிகாரம், அடுத்த ஜாதகம், அடுத்த யாகம் எல்லாவற்றுக்கும் நீங்களே சம்மதம் எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கோவில் வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்று ரகளை, பெண் வீட்டாரிடம் மட்டும் "நல்ல பக்திங்க".

ஜனவரி 9, பின்னேரம்

பிரசாதம் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: புளியோதரை, நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் மூன்றையும் வாங்கிக்கொள்ளவும். சுண்டல் யாருடைய கொள்கையையும் இதுவரை மாற்றியதில்லை, வயிற்றைத்தான் கொஞ்சம் மாற்றும்.

ஜனவரி 11

அப்பாவுக்கு அவர் முறை. உங்களுக்கு? இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மறுப்புப் பேசியவருக்குப் பதினாறாம் நாள் காரியம் நடப்பது இதனால்தான்.

உயிலில் எழுதி வைப்பது உதவாது. உயிலைப் பிரிப்பதே எல்லாம் முடிந்த பிறகு. தனித்தாளில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்தச் சடங்கும் வேண்டாம், உடல் எங்கே போக வேண்டும், முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு, அவர் கைப்பேசி எண். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். நகல் மனைவி அல்லது கணவரிடம் ஒன்று, எதிர்ப்பு வரக்கூடிய உறவினரிடம் ஒன்று. ஆமாம், எதிர்ப்பவரிடமே. சாவு வீட்டில் முதல்முறையாகக் கேள்விப்படுவதுதான் அவருக்குக் கோபம்.

உடற்கொடை தருவதானால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, உங்கள் புகைப்படம், அடையாள அட்டை நகலோடு வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி தாள்கள் கொஞ்சம் மாறும், ஆகவே நேரில் போய்க் கேட்பது நல்லது. இறந்த பிறகு எடுத்துக்கொண்டு போவது குடும்பத்தார் வேலை. மருத்துவர் சான்று, இறந்தவரின் ஆதார், கொண்டுவருபவரின் ஆதார், ஒப்படைப்புக் கடிதம். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வீட்டில் வைப்பதானால் ஐஸ் பெட்டி கட்டாயம். உடல் கெட ஆரம்பித்துவிட்டால், ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்துவது சரியாக வராது.

திருப்பி அனுப்புவது எதற்கு என்றால்: பிரேதப் பரிசோதனை செய்த உடல், காவல்துறை வழக்கு உள்ள சாவு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, தீவிரக் காசநோய், அழுகிய படுக்கைப்புண். ஆகவே தாளில் இரண்டாவது வழியையும் எழுதுங்கள்: "கல்லூரி ஏற்காவிட்டால் மின் அல்லது எரிவாயு மயானத்தில் சடங்கின்றி எரிக்கவும்." இந்த ஒரு வரி இல்லாமல் போனால் வாசலிலிருந்து திரும்பிய ஊர்தி நேராகப் புரோகிதரிடம் போகும்.

இன்னொரு நடைமுறை உண்மை: நீங்கள் கையெழுத்திட்ட படிவம் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தாது. நெருங்கிய வாரிசு வேண்டாம் என்றால் கல்லூரி வற்புறுத்தாது. படிவத்தை நிரப்புவது சுலபமான பாதி. மகனையோ மகளையோ உட்கார வைத்துப் பேசுவது மற்ற பாதி.

ஜனவரி 12

"கண் கொடுத்தால் உடலை எடுக்கமாட்டார்கள்" என்று கீழே ஒருவர் சொல்லியிருப்பது சரியல்ல. கண் எடுத்த உடலைக் கல்லூரிகள் ஏற்கின்றன. மற்ற உறுப்புகளை எடுத்திருந்தால்தான் சிக்கல். சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்புக் கொடை பெரும்பாலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு உறுதியானவர்களிடமிருந்து வருவது, அது தனிப் பாதை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த அரசு மரியாதை அப்படி உறுப்புக் கொடுத்தவர்களுக்குத்தான். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

கண்ணுக்கு 6 மணி நேரம் கெடு. மின்விசிறியை நிறுத்துங்கள், இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கண் வங்கிக்குப் போன் போடுங்கள். வயதானவர், கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போக அரைமணி நேரம் போதும், முகம் விகாரப்படாது.

ஜனவரி 15

கல்யாணம். இரண்டு வழி உண்டு.

ஒன்று சுயமரியாதைத் திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலும், இருவருக்கும் புரியும் மொழியில் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் வேண்டாம். ஊரைக் கூட்டிச் செய்தால்தான் செல்லும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் இருவருமே சட்டப்படி "இந்து" வகையில் வர வேண்டும். சட்டத்தில் அந்த வகை பரந்தது, பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். நாத்திகர் என்பதால் யாரும் வெளியே போய்விடுவதில்லை.

கல்யாணம் முடிந்ததும் 90 நாளுக்குள் பதியுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் பதிவு கட்டாயம். மண்டபமும் கோவிலும் இல்லாத கல்யாணத்துக்குச் சான்று குறைவு, அங்கேதான் இடறும். அழைப்பிதழ் ஒன்று அச்சடியுங்கள், பத்துப் பேருக்குத்தான் என்றாலும். உறுதிமொழியை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகளிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். மாலை மாற்றும் படம் ஒன்று முகம் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

மற்றது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். வேறு வேறு மதத்தில் பிறந்தவர்கள் சடங்கில்லாமல் மணக்க இதுதான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தால் அலுவலகப் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு மூன்று சாட்சிகளோடு திருமணம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. வீட்டுக்குத் தெரியாமல் செய்ய நினைப்பவர்களுக்கு அந்தப் பலகைதான் ஆபத்து, யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு விளைவைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் இந்துவாக இருந்தால் இந்தச் சட்டத்தில் மணந்தாலும் வாரிசுரிமை பழையபடிதான். ஒருவர் வேறு மதம் என்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் உள்ள இந்து அதிலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். சொத்து இருக்கிற வீடென்றால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

ஜனவரி 16

முஸ்லிம் வீட்டில் பிறந்து நம்பிக்கை விட்டவர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது, பெயர் இல்லாமல் பதில்: மனத்தளவில் விட்டதால் வாரிசுச் சட்டம் மாறாது. ஷரியத் முறையில் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், அப்போது உயிலுக்கு அந்த வரம்பு இல்லை. நம்பிக்கை விட்டவர்களுக்கும் அந்த உரிமை வேண்டுமென்று கேரளப் பெண் ஒருவர் போட்ட மனுவை 2024-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது.

கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்களுக்குச் சட்டச் சிக்கல் குறைவு, கல்லறைச் சிக்கல் அதிகம். கல்லறை இடம் சபையின் கையில். சந்தா நின்றுபோன பெயருக்கு இடம் கேட்கும்போது பேச்சு நீளும். பொது மயானம் எது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

வெளியே சொல்வதே ஆபத்தான வீடு என்றால், முதலில் வேலை, தனி வங்கிக் கணக்கு, சான்றிதழ்களின் அசல் கையில், தங்க ஓர் இடம். அறிவிப்பு அதற்குப் பிறகு. உண்மையைச் சொல்லும் உரிமையோடு, சொல்லாமல் இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஜனவரி 19

"சாதி, மதம் அற்றவர்" சான்றிதழ் வாங்கலாமா? வாங்கலாம். பள்ளிச் சான்றிதழில் அந்தக் கட்டங்களை வெற்றாக விட 1973-லேயே தமிழக அரசாணை உண்டு. தலைமையாசிரியர் மறுத்தால் அதைக் காட்டலாம். 2019-இல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் வட்டாட்சியரிடம் அப்படியொரு சான்றிதழே வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிச் சான்றிதழ் கொடுக்க வருவாய்த் துறைக்கு ஆணையிடும்படி அரசைக் கேட்டுக்கொண்டது.

ஆனால் அவசரப்படாதீர்கள். கடவுளை விடுவது வேறு, சாதிச் சான்றிதழை விடுவது வேறு. கட்டத்தை வெற்றாக விட்டு, சாதிச் சான்றிதழும் வாங்காத குழந்தைக்கு இடஒதுக்கீடு கிடையாது, பொதுப்போட்டிதான். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு அந்தச் சான்றிதழை வைத்துத்தான் நடக்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் நாத்திகராவதால் உரிமை போகாது. 1950-ஆம் ஆண்டு ஆணை இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) என்று வைத்திருக்கிறது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறினால்தான் போகும். தலைமுறையாக எல்லாம் கிடைத்த வீட்டுப் பிள்ளை கட்டத்தை வெற்றாக விடுவதும், முதல் பட்டதாரி வீட்டுப் பிள்ளை விடுவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. முன்னவர் விடட்டும், கைதட்டுகிறேன்.

ஜனவரி 24

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பயத்தைப் பற்றி அரைவரிதான் எழுதியிருக்கிறேன், அது போதாது.

நரகம் இல்லை என்று பகலில் தெளிவாகத் தெரிந்தவருக்கும் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடிக்கும். ஐந்து வயதில் போட்ட பயம் நாற்பது வயது வாதத்துக்குக் கட்டுப்படாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் "விட்ட நேர்த்திக்கடன்தானோ" என்று தோன்றும். தோன்றட்டும். அது பழக்கம், உங்கள் முடிவு அல்ல. திரும்ப வாதம் செய்து அதை வெல்லப் போகாதீர்கள், தூக்கம்தான் கெடும். நாள் போகப் போக மங்கும்.

ஆனால் "கெட்ட நினைப்பு வந்துவிட்டது" என்று திரும்பத் திரும்பக் கை கழுவுவது, கன்னத்தில் போட்டுக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது, நிறுத்த முடியாமல் மணிக்கணக்கில் போனால் அது ஆத்திகமும் இல்லை, நாத்திகமும் இல்லை. எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம், மனநல மருத்துவர் வேலை, மருந்தும் பயிற்சியும் உண்டு. அதேபோல் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதற்குத் தத்துவப் பெயர் வைக்காதீர்கள். 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), தமிழ்நாட்டில் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

பிப்ரவரி 2

இப்போது அந்த வெறிச்சோடிய ஞாயிற்றுக்கிழமை.

பகுத்தறிவு வாசிப்பு வட்டம் ஆரம்பிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பல ஊர்களில் ஆரம்பித்து அணைந்திருக்கிறது, காரணமும் எங்கும் ஒன்றுதான்: கூடுகிறவர்களுக்கு ஒப்புக்கொள்ள ஒரே விஷயம், கடவுள் இல்லை. சில கூட்டங்களில் அது பேசித் தீர்ந்துவிடும். அப்புறம் யார் சுத்தமான நாத்திகர் என்ற சண்டை. சென்னையில் 1880-களிலேயே "தத்துவ விவேசினி" என்று கடவுள் மறுப்புப் பத்திரிகை நடத்திய சங்கம் இருந்தது. அந்தப் பத்திரிகை 1888-ஓடு நின்றுபோனது. வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. வள்ளலார் நாத்திகர் இல்லை, சாதி சமயச் சழக்கை விட்டவர், அவ்வளவே. ஆனால் அங்கே தினமும் செய்ய ஒரு வேலை இருக்கிறது, யார் வந்தாலும் அந்த வேலை நடந்தாக வேண்டும்.

மணிமேகலையில் வரிசையைக் கவனியுங்கள். அமுதசுரபி கையில் வந்து, பசித்தவர்களுக்குச் சோறு போட்டு, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றி முடித்த பிறகுதான், 27-ஆவது காதையில் வஞ்சி நகரில் அவள் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் கொள்கை கேட்கிறாள், பருப்பொருளைத் தவிர வேறில்லை என்னும் பூதவாதி உட்பட. நாம் 27-இல் தொடங்கி அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே நான் சொல்வது சாதாரண விஷயம். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், நீங்கள் போகாவிட்டால் இன்னொரு மனிதருக்குச் சிரமம் வருகிற மாதிரி ஒரு வேலை. பார்வையற்ற மாணவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுவது, தேர்வுக்கு எழுதிக் கொடுப்பது. வலிதணிப்பு மருத்துவக் குழுவோடு வீடு வீடாகப் போவது (பயிற்சி இல்லாமல் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது). கிளை நூலக வாசகர் வட்டத்தில் நாற்காலி போடும் பொறுப்பு. ரத்தம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்பதால் ஞாயிற்றுக்கிழமையை அது நிரப்பாது.

நன்கொடை அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. பணம் போனால் ஆட்கள் வருவதில்லை. "விரும்பினால் வரலாம்" என்ற குழுவும் வேலைக்கு ஆகாது, மழை பெய்தால் விருப்பம் போய்விடும்.

இதெல்லாம் வாழ்க்கைக்கு அர்த்தம் ஆகுமா என்று கேட்டால், எனக்கு அந்தக் கேள்வியில் இப்போது அவ்வளவு அக்கறை இல்லை. இடுகையைப் படித்துவிட்டுத் திட்டலாம்.

பிப்ரவரி 5

திட்டியிருக்கிறீர்கள். "சேவை செய்வதற்குப் பக்திமான்கள் போதுமே, பிறகு நாம் எதற்கு விட்டோம்?" என்கிறார் ஒருவர். பொய் என்று தெரிந்ததை நம்ப முடியாததால் விட்டோம். அவர்களைவிட நல்லவர்களாக ஆவதற்கு என்று யாரும் சொல்லவில்லையே.

"பிரபஞ்சத்தில் நாம் தூசு, எதற்கும் பொருளில்லை" என்பது இன்னொன்று. கோடி ஆண்டுகள் கழித்து மிஞ்சாதது இன்றைக்கும் முக்கியமில்லை என்ற கணக்கைப் பல்வலி வந்தவரிடம் போட்டுப் பாருங்கள். நித்தியமானதுதான் மதிப்புள்ளது என்பதே மதம் சொல்லிக் கொடுத்த பாடம். கடவுளை விட்டவர் அந்த அளவுகோலை மட்டும் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறார்?

பிப்ரவரி 11

படத்திறப்பு நடத்துவது எப்படி என்று கேட்டவருக்கு. கருமாதிக்குப் பதில் இது. பதினாறாம் நாள்தான் என்றில்லை, வெளியூர்க்காரர் வர வசதியான ஞாயிறு போதும். படம் ஒன்று, மாலை வேண்டுமானால் ஒன்று. திறப்பவர் அரசியல் பிரமுகராக இருந்தால் அவர் தன்னைப் பற்றிப் பேசுவார், ஆகவே அண்டை வீட்டுக்காரரையோ உடன் வேலை செய்தவரையோ கூப்பிடுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு நாலு நிமிடம். ஒவ்வொருவருக்கும் முன்பே ஒரு துண்டு சொல்லிவிடுங்கள்: ஒருவர் இளமை, ஒருவர் வேலை, ஒருவர் கோபம், ஒருவர் சமையல். இல்லையென்றால் ஐந்து பேரும் "நல்ல மனிதர்" என்றே முடிப்பார்கள். மகளோ மருமகளோ பேசட்டும், சுடுகாட்டுக்கு வராதே என்று தடுக்கப்பட்டவர்கள் அவர்கள். இரண்டு நிமிட மௌனம், பிறகு சாப்பாடு. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அழுதவர்கள் பேச ஆரம்பிப்பது பந்தியில்தான்.

கடவுளைத் திட்டும் மேடையாக அதை மாற்றாதீர்கள். துக்கத்துக்கு வந்த அத்தைக்குத் திருநீறு இருக்கிறது, இருக்கட்டும்.

பிப்ரவரி 13

பள்ளியில் பிள்ளையைப் பிரார்த்தனைக்கு நிற்க வைப்பது பற்றி: அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கட்டாயப்படுத்த முடியாது. தலைமையாசிரியருக்கு நாலு வரிக் கடிதம் போதும், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். மற்ற எல்லோரும் வரிசையில் நிற்க, தான் மட்டும் தாழ்வாரத்தில் தனியாக நிற்கப் போவது அவள்தான். அவளுக்கு வேண்டாம் என்றால் கடிதத்தை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்.